சீட்டுக்கு அடியில் மூன்று பிளக்

ஆம்னி வேனில் போனட்டைத் தேடினால் கிடைக்காது. முன் சீட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் மூடியைத் திறந்தால்தான் என்ஜின் முகம் காட்டும். மூன்று சிலிண்டர், 796 சி.சி., சுசூகியின் கணக்கில் எஃப்8பி. என்ஜின் சின்னதுதான், அதைச் சுற்றி விட்டிருக்கும் இடம் அதைவிடச் சின்னது. காற்று வடிகட்டியின் குழாய், தண்ணீர் ஹோஸ், ஆக்ஸிலேட்டர் கேபிள், கேஸ் கிட் மாட்டிய வண்டியென்றால் அதன் குழாய்கள் என்று எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். இவற்றுக்கு நடுவே மணிக்கட்டைத் திருப்பி, முழங்கையை மடக்கி, மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி மாட்ட வேண்டும். தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் இந்த வேலையிலேயே தலை நரைத்தவர். அவருடைய முன்னங்கைகளில் தெரியும் பழைய சூட்டுத் தழும்புகள் பெரும்பாலும் ஆம்னியின் மேனிஃபோல்டு தந்தவை.

அவர் தொழில் பழகியது அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும். அந்த வண்டிகளில் போனட்டைத் தூக்கினால் நான்கு பிளக்கும் வரிசையாக நிற்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு முதலில் கொடுக்கிற வேலையே பிளக்கைக் கழற்றித் துடைப்பதுதான். உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளி பார்த்து, திரும்ப மாட்டி முடிக்கும்போது வாங்கிவரச் சொன்ன டீ ஆறியிருக்காது. ஆம்னி பட்டறைக்குள் வந்த பிறகு அதே வேலை பையன் கையிலிருந்து பெரியவர் கைக்கு ஏறிவிட்டது.

மாருதி தன் முதல் 800 காரை விற்றது 1983 டிசம்பரில். மறு ஆண்டே அதே என்ஜினை வைத்து வேனை இறக்கியது. முதலில் அதற்கு வெறும் ‘மாருதி வேன்’ என்றுதான் பெயர். 1988இல் ஆம்னி ஆயிற்று. காரில் குறுக்காக நின்ற என்ஜின் வேனில் நீளவாக்கில் சாய்ந்துகொண்டு பின்சக்கரங்களைச் சுழற்றியது. என்ஜினைச் சீட்டுக்கு அடியில் ஒளித்ததால் மூக்கு இல்லாமல் போயிற்று. வண்டி குட்டையாக இருந்தும் உள்ளே எட்டுப் பேர் உட்கார இடம் கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகள், கல்யாண வீட்டுச் சாமான், பூக்கூடை, ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர் என்று தமிழ்நாட்டில் அது சுமக்காத பாரம் இல்லை. அந்த இடத்துக்கான விலையை ஓட்டுபவரின் முழங்காலும் மெக்கானிக்கின் முழங்கையும் கொடுத்தன. முன்னால் மோதினால் தாங்க எதுவும் இல்லாத அந்த அமைப்புதான், புதிய மோதல் பாதுகாப்பு விதிகள் வந்தபோது ஆம்னியின் கதையை முடித்தது. 2019இல் தயாரிப்பு நின்றது. ஓடுகிற வண்டிகள் நிற்கவில்லை.

பட்டறைக்கு வரும் ஓட்டுநர்கள் யாரும் “பிளக் போயிடுச்சு” என்று சொல்வதில்லை.

“அண்ணே, மேம்பாலம் ஏற மாட்டேங்குது. சிக்னல்ல நின்னா சீட்டே ஆடுது. பெட்ரோலும் குடிக்குது.”

“ஒரு சிலிண்டர் எரியலப்பா” என்பார் இவர், சாவியை வாங்குவதற்கு முன்பே. நான்கு சிலிண்டர் வண்டியில் ஒன்று படுத்தால் கால் பங்கு பலம் போகும். ஆம்னியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். என்ஜின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் அந்த நொண்டல் நேராக இடுப்புக்கு ஏறும். கார்புரேட்டர் வண்டியென்றால் என்ஜினை ஐடிலில் விட்டு, காப்பிட்ட குறட்டால் ஒவ்வொரு பிளக் ஒயராகப் பிடுங்கிப் பார்ப்பார். பிடுங்கியதும் என்ஜின் சத்தம் தாழ்ந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது என்று பொருள். பிடுங்கியும் சத்தம் மாறவில்லையென்றால் ஆள் அகப்பட்டான். கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர் உள்ள எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் இந்தச் சோதனையை அவர் செய்வதில்லை. எரியாத பெட்ரோல் நேராக கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுவிடும். பொறி பாய வழியில்லாமல் காயிலும் அடிவாங்கும்.

இப்படித் தேடும்போது அடிக்கடி அகப்படுவது கடைசி சிலிண்டர்தான். அதில் அவருக்கு ஆச்சரியம் இல்லை. முன்னால் இருக்கும் பிளக்குகளுக்கு ஸ்பேனர் எப்படியாவது போய்விடும். பின்பக்கத் தகட்டை ஒட்டி ஒளிந்திருக்கும் மூன்றாவதற்குப் போகக் கை மடங்க வேண்டும், குழாயொன்றைக் கழற்ற வேண்டும், சில நேரம் வண்டிக்கு அடியிலும் படுக்க வேண்டும். ‘பிளக் செட் மாற்றியது’ என்று பில் போட்டு வந்த வண்டிகளில்கூட, இரண்டு பிளக் பளபளப்பாகவும் மூன்றாவது துருவேறியும் இருந்ததை அவர் பலமுறை பார்த்திருக்கிறார். பிளக் விலை குறைவு, கூலியும் குறைவு. அந்தக் கூலிக்கு எவ்வளவு வளைய முடியுமோ அவ்வளவுதான் சிலர் வளைகிறார்கள். எட்டாத பிளக்கை விட்டுவிட்டு மற்ற இரண்டை மாற்றினால் வண்டி அன்றைக்குக் கொஞ்சம் நன்றாக ஓடும். அடுத்த மாதம் அதே நொண்டல் திரும்பி வரும். அப்போது பழி காயில் மேலோ கார்புரேட்டர் மேலோ விழும்.

இவருடைய பட்டறையில் வேலை தொடங்கும் விதமே வேறு. சூடான வண்டியைத் தொடுவதில்லை. சிலிண்டர் ஹெட் அலுமினியம், பிளக்கின் உடம்பு எஃகு. சூட்டில் வலுக்கட்டாயமாகத் திருகினால் அலுமினிய மரை பிளக்கோடு சேர்ந்து வந்துவிடும். காலையில் வந்த வண்டியை மதியம்வரை நிறுத்தி வைப்பார். ஓட்டுநர் முணுமுணுத்தால், “அவசரம்னா அடுத்த பட்டறைக்குப் போப்பா” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். யாரும் போவதில்லை.

ஆறியதும் முதல் வேலை கம்ப்ரெசர் காற்று. சாலைக்கு வெகு அருகில் தொங்கும் என்ஜின் இது. பிளக்கைச் சுற்றியுள்ள குழிகளில் மணலும் காய்ந்த சேறும் அடைந்திருக்கும். அதை ஊதாமல் பிளக்கைக் கழற்றினால் மணல் நேராகச் சிலிண்டருக்குள் விழும். பிஸ்டன் அதைச் சுவரில் வைத்துத் தேய்க்கும். அவர் இரண்டு முறை ஊதுவார். முதலில் மேலாக ஒருமுறை. பிளக்கைக் கால் சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, ஒட்டியிருந்த அழுக்கு கிளம்பியதும் இன்னொருமுறை. அதற்குப் பிறகுதான் பிளக் வெளியே வரும்.

ஒயரைப் பிடுங்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் கார்பன் இழை அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. நுனியில் உள்ள ரப்பர் தொப்பியைப் பிடித்து, இப்படியும் அப்படியும் அரைத் திருப்பு திருப்பி, பிடி விட்ட பிறகு இழுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒயர்தான். மூன்றையும் ஒன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டு எது எங்கே என்று யோசிக்கும் பையன்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். இந்த என்ஜின் எரியும் வரிசை 1-3-2. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் இரண்டும் மூன்றும் இடம் மாறினால் வண்டி இருமும், வெடிக்கும், கிளம்பாது.

இடுக்கில் ஸ்பேனர் சாய்ந்தால் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசல் வழியாகப் பொறி வெளியே தாவும். அதுவும் மேடு ஏறும்போது, பாரம் இழுக்கும்போதுதான் தாவும். ஐடிலில் வண்டி தங்கமாக நிற்கும். இதைத் தவிர்க்க அவர் பயன்படுத்துவது ஒரு பிளக் பாக்ஸ், ஒரு குட்டை எக்ஸ்டென்ஷன், நடுவே ஒரு யூனிவர்சல் ஜாயின்ட். அந்த ஜாயின்ட் தலையைத் தொங்கப் போட்டுவிடுமாதலால் அதன்மேல் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று சுற்றியிருப்பார். வளைக்கிற அளவுக்கு வளையும், விட்ட இடத்தில் நிற்கும்.

புதுப் பிளக்கை ஸ்பேனரில் வைத்துத் திருகத் தொடங்குவதை அவர் பட்டறையில் யாரும் செய்யக் கூடாது. பழைய பெட்ரோல் ஹோஸில் ஒரு முழத் துண்டு ஆணியில் தொங்கும். பிளக்கின் பீங்கான் நுனியை அந்த ஹோஸுக்குள் செருகி, ஹோஸை விரலால் உருட்டிப் பிளக்கைக் குழிக்குள் இறக்குவார்கள். முதலில் இடப்பக்கம் ஒரு சுற்று, பேனா மூடியை மரையில் உட்காரவைப்பதுபோல. ‘டொக்’ என்று ஓர் அசைவு விரலுக்குத் தெரிந்ததும் வலப்பக்கம். மரை நேராகப் பிடித்தால் பிளக் சுலபமாக இறங்கும். கோணலாகப் பிடித்தால் ரப்பர் ஹோஸ் வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றும். இரும்பு ஸ்பேனருக்கு அந்தக் கோணல் தெரியாது, மரையை அறுத்துக்கொண்டே போகும். கையால் முழுதும் இறங்கிய பிறகுதான் ஸ்பேனர். 14 மி.மீ. பிளக், அலுமினிய ஹெட் என்றால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். டார்க் ஸ்பேனர் நுழையாத இடத்தில், வாஷர் உட்கார்ந்ததிலிருந்து புதுப் பிளக்குக்கு அரைச் சுற்று, பழைய பிளக்கைத் திரும்ப மாட்டினால் ஒரு சின்னத் தட்டு. அதற்குமேல் தன் பலத்தைக் காட்டுகிற ஆளைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும்.

மரை போன வண்டிகளும் வருவதுண்டு. பிளக் துப்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டது என்று பயந்துபோய்த் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், குழியைப் பெரிதாக்கி, எஃகில் புது மரை உறை போட்டு எடுத்துவர வேண்டும். சில நூறு ரூபாய் வேலை அந்த அதிகப்படி பலத்தால் ஆயிரங்களுக்கு ஏறுகிறது.

கழற்றிய பிளக்குகளை அவர் குப்பையில் எறிய விடமாட்டார். ஒரு மரப் பலகையில் 1, 2, 3 என்று எழுதி அந்தந்த இடத்தில் நிறுத்துவார். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் அந்தச் சிலிண்டர் நலம். கரி உலர்ந்து கறுப்பாக அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம், சோக் ஒட்டிக்கொண்டிருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம். எண்ணெய்ப் பிசுபிசுப்பு என்றால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்த கதை. பெட்ரோல் வாசத்தோடு நனைந்திருந்தால் பொறியே வரவில்லை. வெளுத்துப்போய்ச் சின்னக் கொப்புளம் தெரிந்தால் அளவுக்கு மீறிய சூடு; டைமிங் முன்னால் ஓடுகிறதா, கலவையில் பெட்ரோல் குறைந்ததா என்று பார்க்க வேண்டும். மூன்றும் ஒரே நிறமென்றால் கோளாறு பொதுவானது. ஒன்று மட்டும் நிறம் மாறியிருந்தால் அந்தச் சிலிண்டரைத் தேடினால் போதும். ஒரு பிளக்கைக் கழற்றாமல் விட்டவருக்கு இந்த ஒப்பீடே கிடைக்காது.

பிளக்கின் எண்களிலும் ஒரு பொறி இருக்கிறது. பெட்ரோல் என்ஜினுக்குள் எரிப்பு நடக்கும்போது பிளக்கின் நுனி சுமார் 500 டிகிரி செல்சியஸுக்காவது சூடேற வேண்டும். அப்போதுதான் மேலே படியும் கரி தானாக எரிந்து போகும். 850ஐத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே அந்தச் சூட்டில் கலவை பற்றிக்கொள்ளும். எந்தப் பிளக் எவ்வளவு சூட்டை வெளியே கடத்தும் என்பதைச் சொல்வது அதன்மேல் உள்ள எண். என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடக்கூடப் பிளக் குளிர்ச்சியானது. பாஷ் பிளக்கில் எண் கூடக்கூடச் சூடானது. ஒரு கம்பெனியின் எண்ணைப் பார்த்து மற்றதில் அதே திசையில் மாற்றிப் போட்டால் வேலை நேர் எதிராகிவிடும். கடைக்காரர் “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்று நீட்டும் பிளக்கை அவர் எண் பார்க்காமல் வாங்குவதில்லை.

அவர் தலைமுறை மெக்கானிக்குகளுக்கு எந்தப் பிளக்கும் ‘மைக்கோ பிளக்’தான். ஜெர்மனியில் பாஷ் நிறுவனத்தின் காட்லோப் ஹோனால்ட் 1902இல் உயரழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கினார். அந்த நிறுவனம் இந்தியாவில் 1951இல் தொடங்கியது மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, சுருக்கமாக மைக்கோ. பெங்களூரில் ஆலை. 2008இல் பெயர் பாஷ் லிமிடெட் ஆன பிறகும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் “மைக்கோ குடுங்க” என்றால் கை தானாக அந்த அலமாரிக்குப் போகும். அங்கே அவர் கவனமாகப் பார்ப்பது போலிகளை. பெட்டியின் அச்சு மங்கல், பீங்கானில் எழுத்து கோணல், வாஷர் விரலால் தட்டினாலே கழன்று விழுவது எல்லாம் அவருக்குச் சந்தேகத்தின் அறிகுறிகள். நல்ல கடையில் வாங்கினாலும் ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி பார்க்காமல் மாட்டமாட்டார். கார்புரேட்டர் ஆம்னிக்கு 0.7 முதல் 0.8 மி.மீ.; எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்குக் கையேட்டில் உள்ள அளவு. வளைப்பதென்றால் ஓரத்துக் கொம்பை மட்டும் வளைப்பார், நடுக் கம்பியில் எதையும் அழுத்தமாட்டார்.

பிளக் புதிதாகியும் நொண்டல் தீராவிட்டால் குற்றவாளி ஒயர். பேட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி அனுப்புகிறது. அதைச் சிந்தாமல் கொண்டுசேர்க்க வேண்டியது இந்த எச்.டி. ஒயர். இருட்டிய பிறகு பட்டறை விளக்கை அணைத்துவிட்டு என்ஜினை ஓடவிடுவது அவருடைய பழைய சோதனை. காப்பு வெடித்த இடத்தில் நீலப் பொறி ஒயரிலிருந்து இரும்புக்குத் தாவுவது பளிச்சென்று தெரியும். பகலில் மல்டிமீட்டர். சுசூகியின் கணக்குப்படி கார்பன் ஒயருக்கு மீட்டருக்கு 10 முதல் 22 கிலோ ஓம் தடை இருக்கலாம். 40 செ.மீ. ஒயர் ஒன்பதைத் தாண்டினால் அதை மாற்ற வேண்டும். “கார்பன் எதுக்குண்ணே, முழுச் செப்புக் கம்பி போட்டா பொறி நல்லா வருமே” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தடை இருப்பதே ரேடியோ இரைச்சலை அடக்கத்தான். கம்ப்யூட்டர் வைத்த வண்டியில் செப்புக் கம்பியின் இரைச்சல் சென்சார்களையும் குழப்பும்.

ஒயரை எந்த வழியாகக் கொண்டுபோகிறோம் என்பதிலும் பாதி வேலை இருக்கிறது. பழைய கிளிப்புகளில் திரும்ப மாட்ட வேண்டும். மேனிஃபோல்டைத் தொட்டால் காப்பு உருகும். இரண்டு ஒயர் நெடுந்தூரம் ஒட்டிப் படுத்தால் ஒன்றின் மின்னழுத்தம் மற்றதில் ஏறும். பல நாள் நிறுத்திவைத்த வேனென்றால் எலி கடித்த தடம் இருக்கிறதா என்றும் பார்ப்பார். சீட்டுக்கு அடியில் வெதுவெதுப்பு, இருட்டு, பிள்ளைகள் சிந்திய பிஸ்கட் தூள். எலிக்கு வேறென்ன வேண்டும்?

கேஸில் ஓடும் ஆம்னிகள் இவருக்கு நிரந்தர வாடிக்கை. “பெட்ரோல்ல நல்லா ஓடுது, கேஸ்ல மாத்துனா மிஸ் அடிக்குது” என்று வந்தால் கிட்டைக் குறை சொல்வதற்கு முன் ஒயரைப் பார்ப்பார். எல்.பி.ஜி. கலவையைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக மின்னழுத்தம் வேண்டும். சாகத் தொடங்கிய ஒயர் பெட்ரோலில் இன்னும் சில மாதம் சமாளிக்கும், கேஸில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பொறி தவறிய கேஸ் உள்ளே தங்கி, அடுத்த பொறியில் பின்பக்கமாக வெடித்துக் காற்று வடிகட்டிப் பெட்டியை உடைப்பதும் உண்டு. சாதாரணப் பிளக்கை 20,000 கி.மீ. வாக்கில் மாற்றச் சொல்பவர், கேஸ் வண்டிக்கு அதற்கும் முன்பே வரச் சொல்வார். சமையல் சிலிண்டரிலிருந்து கேஸ் ஏற்றிய வண்டி என்று தெரிந்தால் கையே வைக்கமாட்டார். அது சட்டவிரோதம் என்பது ஒரு காரணம். கசியும் கேஸும் பொறி தாவும் ஒயரும் ஒரே சீட்டுக்கு அடியில், மேலே பிள்ளைகள் என்பது இன்னொரு காரணம்.

ஐப்பசி பிறந்தால் வேறு மாதிரிக் கூட்டம். இரவு மழையில் நனைந்து காலையில் கிளம்பாத வேன்களில் பாதிக்குத் தேவைப்படுவது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் ஒயர் தொப்பிகளையும் கழற்றித் துடைத்து உலர்த்துவது மட்டுமே. 2015 டிசம்பர் மட்டும் அப்படி முடியவில்லை. அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் மூழ்கியபோது ஆம்னிகள் சீட்டு உயரத்துக்குத் தண்ணீரில் நின்றன. தண்ணீர் வடிந்ததும் பலர் செய்த முதல் காரியம் சாவியைத் திருகியது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலேறினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாவியைத் தொடாமல் காத்திருந்தவர்களின் வண்டிகளில் அவர் மூன்று பிளக்கையும் முதலில் கழற்றினார். பிறகு ஸ்டார்ட்டரைச் சுழற்ற, பிளக் குழிகள் வழியே சேற்றுத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பால் நிறத்துக்கு மாறியிருந்த ஆயிலை வடித்து, புது ஆயில் விட்டு, ஒயர்களை உலர்த்தி, புதுப் பிளக் மாட்டியதும் அந்த என்ஜின்கள் பிழைத்தன. திருகிப் பார்த்தவர்களின் என்ஜின்களை இறக்கிப் பிரிக்க வேண்டியிருந்தது.

ஆம்னிக்குப் பிறகு பட்டறையை நிறைப்பது 2010இல் வந்த ஈகோ. 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், பெட்ரோல், சி.என்.ஜி. இரண்டிலும் வருகிறது. அதிலும் என்ஜின் முன் சீட்டுகளுக்கு அடியில்தான். ஆகவே ஹோஸ் துண்டும் டேப் சுற்றிய ஜாயின்ட்டும் இன்னும் அதே ஆணியில் தொங்குகின்றன.

வேன் வைத்திருப்பவர்களுக்கு அவர் சொல்வது மூன்றே விஷயம். சூடான வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி அரைமணியில் கேட்காதீர்கள். இடுக்கில் கை விடுபவருக்குப் பிளக் விலையை வைத்துக் கூலி பேசாதீர்கள். பில் வாங்கும்போது பழைய பிளக்குகளையும் கேட்டு வாங்குங்கள். ஆம்னி என்றால் மூன்று, ஈகோ என்றால் நான்கு. எண்ணிப் பாருங்கள், ஒன்று குறைந்தால் அது இன்னும் உங்கள் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது.